இடாப்பில் கூப்பிட்ட பெயர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த விழாவில் ஏதாவதொரு பொருள் பற்றிப் பேசும்படி செயற்குழு எம்மைக் கேட்டது. கட்டடங்களைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் வென்ற கேடயங்களைப் பற்றியும் இம்மலரில் வேறு பலர் எழுதுகிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது மிகச் சின்னப் பொருள். காலையில் முதல் மணி அடித்ததும் ரீச்சர் இடாப்பைத் திறந்து கூப்பிடுகிற பெயர்கள். இவ்வுரையைச் சேர்ந்து எழுதிய நாம் மூவரும் வெவ்வேறு தசாப்தங்களில் இங்கே படித்தவர்கள். எமது வகுப்புத் தோழிகளின் பெயர்களை அருகருகே எழுதிப் பார்த்தோம். ஒரு பெயரைப் பார்த்தே அதற்குரியவர் ஏறக்குறைய எந்தக் காலத்தில் பிறந்திருப்பார் என்று சொல்லக்கூடியதாக இருந்தது. நீங்களும் சொல்லிப் பாருங்கள்: வள்ளியம்மை, பரமேஸ்வரி, வசந்தி, தர்சினி, ஆதிரா. ஐந்து தலைமுறை தெரிகிறதல்லவா?

சில நாடுகளில் இதற்குப் பட்டியலே உண்டு. அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டு முதல் பிறந்த பிள்ளைகளின் பெயர்களைச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் எண்ணி வெளியிடுகிறது. அங்கே மேரி என்ற பெயர் பல தசாப்தங்கள் முதலிடத்தில் இருந்தது. பிறகு 1970 முதல் 1984 வரை ஜெனிபர் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. இங்கிலாந்திலும் வருடாவருடம் இப்படியொரு பட்டியல் வருகிறது. எமக்கு அப்படியொன்று இல்லை. பள்ளிக்கூட இடாப்புத்தான் எமது பட்டியல்.

எமது பட்டியலின் அடித்தளத்தில் இருப்பவை பூட்டிமாரின் பெயர்கள். சின்னாச்சி, அன்னப்பிள்ளை, தையல்முத்து, நாகமுத்து, பொன்னம்மா, தங்கம்மா, செல்லம்மா, சின்னத்தங்கம், மாணிக்கம், பாக்கியம், சிவக்கொழுந்து. பொன், முத்து, மாணிக்கம் என்று வீட்டிலிருந்ததோ இல்லையோ, பெண்பிள்ளையின் பெயரில் செல்வம் இருந்தது. 'பிள்ளை' என்ற விகுதி பெண்ணுக்கும் வந்தது. அந்நாளில் பெயரைத் தேடி எவரும் அலையவில்லை. அது வீட்டிலேயே இருந்தது. அப்பம்மாவின் பெயர் மூத்தவளுக்கு, அம்மம்மாவின் பெயர் அடுத்தவளுக்கு. பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆனது. பெயர்த்தி என்ற சொல்தான் பேர்த்தி ஆனது. பெயரைத் தாங்குபவள் என்பதே அந்த உறவின் பொருள். புதுப் பெயர் வைப்பதென்றால் கோயில் இருந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் நாகம்மாவையும் நாகேஸ்வரியையும் தந்தாள். திருக்கோணேஸ்வரத்து அம்மன் மாதுமையைத் தந்தாள். கீரிமலை நகுலாம்பிகையைத் தந்தது. இவை வேறெங்கும் எளிதில் காணமுடியாத, இந்த மண்ணுக்கேயுரிய பெயர்கள்.

பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது பெயர்களும் மாறத் தொடங்கின. அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். அக்காலத்தில் அமெரிக்காவிலுள்ள ஒருவர் பணம் அனுப்பி ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்றால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பது மிசன் பாடசாலைகளில் வழக்கம். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும் அப்படித்தான். கல்வியின் விலையாகப் பெயரைக் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பிற்காலக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நேசம், ஞானம், அருள், கிருபை என்று நல்ல தமிழிலேயே பெயர் வைத்தன. 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான தமிழ்ப் பெண்ணின் பெயர் நேசம் சரவணமுத்து. கத்தோலிக்க வீடுகளில் மரியம்மா, அன்னம்மா, திரேசம்மா என்று வேதப் பெயருக்கு எமது 'அம்மா' வந்து சேர்ந்துகொண்டது.

சைவ வீடுகளும் சும்மா இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1852இல் பெரிய புராணத்தை வசனமாக அச்சிட்டார். திண்ணைகளில் புராண படனம் நடந்தது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கினார். அடியார்களின் பெயர்கள் தொட்டிலுக்கு வந்தன: காரைக்கால் அம்மையாரின் புனிதவதி, அப்பரின் தமக்கை திலகவதி, பாண்டிமாதேவி மங்கையர்க்கரசி. அதன் பின்னால் ஓர் அலையே வந்தது. பரமேஸ்வரி, மகேஸ்வரி, இராஜேஸ்வரி, புவனேஸ்வரி, யோகேஸ்வரி, கமலேஸ்வரி. எமது மூத்த சகோதரிகளின் வகுப்பில் ரீச்சர் 'ஈஸ்வரி' என்று கூப்பிட்டால் அரை வகுப்பு எழும்பும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தில் பத்திரிகைகளில் வந்த சரோஜினியும் கமலாதேவியும் விஜயலட்சுமியும் இங்கும் வந்தார்கள். சரோஜினி எங்கள் நாவில் சறோஜினிதேவி ஆனாள்.

இப்படி நீண்ட பெயர்களை வைத்த வீடுகளே அவற்றை ஒருநாளும் கூப்பிடவில்லை என்பது வேறு கதை. இடாப்பில் சிவகாமசுந்தரி, வீட்டில் கிளி. இடாப்பில் மகேஸ்வரி, வீட்டில் குஞ்சு. பேபி அக்காவின் சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய கலியாண அழைப்பிதழைப் பார்த்துத்தான் அயலவர்கள் அறிந்தார்கள். எண்பது வயதிலும் அவர் பேபி அக்காதான்.

அடுத்த அலையைக் கொண்டுவந்தவை வாசிப்பும் வானொலியும் திரைப்படமும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது. வானதியும் நந்தினியும் நமது வகுப்புகளில் உட்காரத் தொடங்கினார்கள். ஈஸ்வரிகள் குறைந்து வசந்தி, ஜெயந்தி, சுகந்தி, சாந்தி என்று 'தி'யில் முடிவன வந்தன. பிறகு மாலினி, நளினி, ரஞ்சினி, தர்சினி, சுபாசினி, நிசாந்தினி. அதன்பின் 'இகா', 'ஷா', 'ஷனா'. ஒரு பெயர் தனியாக வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஓசையில் முடியும் பெயர்கள் கூட்டமாக வருகின்றன, கூட்டமாகவே போகின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் சொல்கிறார். அரசியலும் சினிமாவும் பெயர்களை மாற்றுகின்றன என்று நாம் நினைக்கிறோம். அதைவிட அதிகமாக, பழகிய ஓசையிலிருந்து சற்றே விலகிய ஓசையைத் தேடும் ஆசைதான் மாற்றுகிறது என்பது அவர் கருத்து. அயல்வீட்டுப் பிள்ளை தர்சினி என்றால் எங்கள் பிள்ளை பிரியதர்சினி. அதற்கடுத்த வீட்டில் சிவதர்சினி. எல்லோரும் வித்தியாசமான பெயரைத் தேடி, எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தோம்.

சாத்திரியாருக்கும் இதில் பங்குண்டு. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா. அந்த எழுத்தில் தொடங்கவேண்டும், நாகரிகமான ஓசையில் முடியவேண்டும் என்றால் நடுவில் பொருளுக்கு இடமில்லை. எண்சாத்திரம் பரவியபின் ஆங்கில எழுத்துகளையும் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டுத்தொகை சரிவராவிட்டால் ஓர் எழுத்தை இரட்டித்தார்கள். பிற்காலத்தில் வெளிநாட்டு அலுவலகங்களில் 'உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்' என்று கேட்கப்பட்டபோது அந்த இரட்டை எழுத்தின் பாரத்தை எம்மவர்கள் உணர்ந்தார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் ஓடிய ஓடை ஒன்றும் உண்டு. 1916இல் வேதாசலம் என்ற தமது பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகள் தொடக்கிவைத்த தனித்தமிழ் இயக்கம் அது. இலங்கையில் 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் என்ற சொல்லே பெயருக்குள் வந்தது: தமிழ்ச்செல்வி, தமிழரசி. போர்க்காலத்தில் பிறந்தவர்களில் யாழினி, தமிழினி, கயல்விழி, எழிலரசி, இசைமதி பலர். மொழியைக் காப்பது வீட்டில் தொடங்கவேண்டும் என்று நினைத்த பெற்றோர், முதலில் கையிலெடுத்தது பிள்ளையின் பெயரை.

அதே காலத்தில் பெயரே ஆபத்தாகவும் இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுக்கும்போது முதலில் வாசிக்கப்படுவது பெயர்தான். மாலினி, நளினி, சாந்தி, பிரியங்கா போன்றவை சிங்களப் பெண்களுக்கும் உள்ள பெயர்கள். கொழும்பில் வாழ்ந்த சில பெற்றோர் அதையும் யோசித்தே பெயர் வைத்தார்கள். பெயர்கள் எப்படி வந்தன என்பதோடு எப்படி இல்லாமற் போயின என்பதையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து இடாப்புகளிலிருந்து பாத்திமாவும் ஆயிஷாவும் அந்த ஒரு மாதத்தில் இல்லாமற் போனார்கள். அது நாகரிகம் மாறியதால் நேர்ந்ததல்ல. நூற்றாண்டைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட்டுப் பேச எமக்கு மனமில்லை.

இனி, கடல் கடந்த சகோதரிகளின் பிள்ளைகளுக்கு வருவோம். எமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இருக்கவில்லை. முன்னால் தகப்பனின் முதலெழுத்து, பின்னால் சொந்தப் பெயர், அவ்வளவுதான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் படிவங்கள் அதை ஏற்கவில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பத் தகப்பனின் பெயரை எழுதினோம். ஆகவே, அப்பப்பாவின் பெயர் அப்பாவின் குடும்பப் பெயராகவும், அப்பாவின் பெயர் பிள்ளையின் குடும்பப் பெயராகவும் ஆகி, ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பப் பெயர்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் 'நீங்கள் உண்மையில் இந்தப் பிள்ளையின் தாயா?' என்று கேட்கப்பட்ட பழைய மாணவிகள் இந்தச் சபையிலும் இருப்பார்கள். நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. ஜேர்மனியில் பெயரிலிருந்து ஆணா பெண்ணா என்று தெரியவேண்டும் என்று பதிவு அலுவலகங்கள் எதிர்பார்த்தன. கிரண் என்று தங்கள் மகளுக்குப் பெயர் வைத்த, இந்திய வேரையுடைய ஒரு குடும்பம் வழக்காடியது. 2008இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இன்று அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒரே பரீட்சைதான்: வகுப்பாசிரியையும் அம்மம்மாவும் இருவருமே சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். ஆகவே மாயா, மீரா, தாரா, நிலா, லீலா, இனியா, ஆரணி. இரண்டு அல்லது மூன்று எழுத்து. 'ழ' வராமல், 'ஞ' வராமல். சில பெற்றோர் பிடிவாதமாக யாழினி என்றே வைத்து, ஆசிரியைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரு சாராரையும் நாம் குறைசொல்லோம். ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். 2020இல் ஒரு தமிழ்த் தாயின் மகள் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாகத் தெரிவானபோது, உலகம் முழுவதும் கமலா என்று சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டது. கமலா எமது வகுப்பறைகளில் பழசாகிப் போயிற்றென்று நாம் ஒதுக்கிவைத்த பெயர்.

இங்கிலாந்தில் ஒரு பேச்சுண்டு: ஒரு பெயர் திரும்பிவர நூறு ஆண்டு செல்லும். தாயின் பெயர் அலுத்துப்போனதாகத் தெரியும். பாட்டியின் பெயர் கிழடாகத் தெரியும். பூட்டியின் பெயர் புதிதாகத் தெரியும். ஐவி, புளோரன்ஸ், எல்சி என்ற பெயர்கள் அங்கே அப்படித்தான் மறுபடியும் முன்னுக்கு வந்திருக்கின்றன. எமது சங்கத்துக்கும் நூறு வயதாகிறது. முதல் உறுப்பினர்களின் பெயர்களுக்குத் தவணை வந்துவிட்டது. மாதுமை, பொன்னி, வள்ளி, முத்து, அன்னம் ஆகியவை ரொறன்ரோ ஆசிரியைக்கும் கடினமானவை அல்ல, எண்சாத்திரக்காரரிடம் போகவும் தேவையில்லை. பேர்த்திக்குப் பெயர் தேடும் அம்மம்மாமாரே, இணையத்தில் தேடும் முன் உங்கள் அம்மம்மாவின் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அங்கேதான் ஓர் இடர் இருக்கிறது. அந்தப் பெயர்கள் எங்கே கிடைக்கும்? இவ்வுரைக்காக, பெண்கள் சங்கங்கள் பல வெளியிட்ட பழைய மலர்களைப் புரட்டினோம். செயற்குழு, நன்கொடையாளர், ஆயுட்கால உறுப்பினர் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஆனால் அவை எப்படி இருக்கின்றன தெரியுமா? திருமதி வே. சுப்பிரமணியம். 'வே' என்பது கணவரின் தகப்பன். சுப்பிரமணியம் கணவர். எங்களோடு படித்தவள் எங்கே? பெற்றோர் நட்சத்திரம் பார்த்து, கோயிலில் கேட்டு, பாட்டியின் நினைவாக வைத்த பெயர், பத்து வருடம் தினமும் காலையில் இடாப்பில் கூப்பிட்ட பெயர், கலியாணத்தோடு காணாமற் போயிற்று. அந்த நாளில் அது மரியாதை என்று கருதப்பட்டது. குற்றஞ்சாட்ட நாம் வரவில்லை. ஆனால் இழப்பு இழப்புத்தான்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1914இல் நொறுங்குண்ட இருதயம் என்ற நாவலை எழுதியவர் மங்களநாயகம் தம்பையா. கணவரின் பெயரோடு தமது பெயரும் நூலில் இருந்ததால் இன்றும் அவரை மங்களநாயகம் என்று அறிகிறோம். 1925இல் பிறந்த சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியை உலகம் கடைசிவரை தங்கம்மா என்றே அறிந்தது. அவர்கள் காலத்தில் படித்த எத்தனையோ தங்கம்மாக்களையும் மங்களநாயகங்களையும் எமக்குத் தெரியாது.

எஞ்சியிருந்த எழுத்தையும் போர் விடவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, எவரும் இடாப்புகளைச் சுமந்துகொண்டு போகவில்லை. கூரையில்லாத அலுமாரிகளில் மழையும் கறையானும் தம் வேலையைச் செய்தன. வடக்கில் எத்தனையோ பாடசாலைகளுக்கு இடையிடையே சில ஆண்டுகள் வெறுமையாகவே இருக்கின்றன. அந்த ஆண்டுகளுக்கு இனி இடாப்பு எது? நாம்தான். எமது ஞாபகம்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறோம்.

முதலாவது: சங்கம் தயாரிக்கும் புதிய பெயரேட்டில், உங்கள் சொந்தப் பெயரை முதலில் எழுதுங்கள். இடாப்பில் இருந்தபடியே, முழுதாக. அதன்பின் கணவரின் பெயரை எழுதலாம், வெளிநாட்டுக் குடும்பப் பெயரையும் எழுதலாம். வீட்டுப் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். குஞ்சு என்றால்தான் சிலருக்கு உங்களைத் தெரியும்.

இரண்டாவது: உங்களோடு படித்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்று நினைத்தால் வரும். ஒருவருக்கு வராதது இன்னொருவருக்கு வரும். மெல்பேணில் இருப்பவரும் பருத்தித்துறையில் இருப்பவரும் ஒரே வகுப்பை எழுதி அனுப்பினால் வெறுமையான ஓர் ஆண்டை நிரப்பிவிடலாம். போரில் இறந்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். அவர்களை வேறெந்த ஏட்டில் கூப்பிடப் போகிறோம்?

மூன்றாவது: இந்தப் பள்ளியில் படித்த உங்கள் தாயின், பாட்டியின், பூட்டியின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டு அறியுங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வருடமே கேளுங்கள்.

பெயர்களின் நாகரிகம் மாறட்டும். அது மாறாமல் இருந்த காலமே இல்லை. ஈஸ்வரிகள் போய் தர்சினிகள் வந்ததுபோல, நிலாக்களும் போய் வேறு யாரோ வருவார்கள். இன்னும் நூறு ஆண்டின் பின் எமது சங்கத்தவர் ஒருவர் இம்மலரைத் திறக்கும்போது, தன் பேர்த்திக்குப் பொருத்தமான ஒரு பெயரை இதிலிருந்து எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதற்கு வேண்டிய பட்டியலை எழுதிவைப்பது எமது பொறுப்பு. வெளியே மேசையில் தாளும் பேனையும் வைத்திருக்கிறோம். தேநீருக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் ஒரு வகுப்பையாவது எழுதித் தாருங்கள்.